முதலில் எடை, பிறகு படுக்கை: பிக்கப் டிரக்கின் பாப்-அப் டாப்பர் குறித்து வாசகர் கேள்விகள்

பிக்கப் டிரக்கின் சரக்குத் தொட்டியை மூடுகிற கூட்டை அமெரிக்காவில் டாப்பர் என்பார்கள். வண்டியை நிறுத்திய இடத்தில் அதன் கூரையை மேலே எழுப்பி, கூரைக்கும் கூட்டுக்கும் நடுவே விரியும் துணிச்சுவருக்குள் படுத்துறங்க வழி செய்திருந்தால் அது பாப்-அப் டாப்பர். இதை வாங்க நினைக்கும் அமெரிக்க வாசகர்களிடமிருந்து கடிதங்கள் தொடர்ந்து வருவதால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்களிடம் 2021ஆம் ஆண்டு டொயோட்டா டகோமா இருக்கிறது. நான்கு கதவுகள், ஐந்தடித் தொட்டி. நானும் மனைவியும், ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறோம். எந்த நிறுவனத்தின் டாப்பரை வாங்கலாம்?
– வாசகர், பீனிக்ஸ், அரிசோனா

பதில்: நிறுவனத்தின் பெயருக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து பொருந்தும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கும். டயர்களில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்ற விவரத்தோடு, வண்டியில் ஏறும் ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த எண்தான் உங்கள் வண்டியின் பேலோடு. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண், அந்த மாடலிலேயே மிக இலேசான, வசதிகள் குறைந்த வண்டிக்கு உரியது. உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்குக் கதவோரத்தில் உள்ள எண் மட்டுமே பொருந்தும்.

உங்கள் ஸ்டிக்கரில் 1,120 பவுண்டு என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு கதவு டகோமாவில் இது காணக்கூடிய எண்தான். நீங்கள் 170, மனைவி 140, பிள்ளைகள் இருவரும் சேர்ந்து 110 என்றால் மனிதர்களுக்கே 420 பவுண்டு போய்விடுகிறது. மீதி 700. இப்போது 300 பவுண்டு எடையுள்ள ஓர் இலேசான டாப்பரை ஏற்றினால் 400 மிஞ்சும். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு என்பதால் பத்து கேலன் குடிநீர் 83. உணவோடு சேர்த்துக் குளிர்பதனப் பெட்டி 80. மின்கலமும் கம்பிகளும் 40. அடுப்பு, எரிவாயு, பாத்திரம், துணிமணி, மடக்கு நாற்காலி, சேற்றில் சிக்கினால் வண்டியை மீட்கும் கருவிகள் எல்லாம் சேர்ந்து 150க்குக் குறையாது. கடைசியில் உங்கள் கையில் மிஞ்சுவது 47 பவுண்டு. இதே கணக்கில் 500 பவுண்டு டாப்பரைப் போட்டுப் பாருங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே வண்டி 153 பவுண்டு அதிகச் சுமையோடு கிளம்பும்.

ஆகவே நான்கு பேர் கொண்ட உங்கள் குடும்பத்துக்கு, இந்த வண்டியில், 300 பவுண்டை ஒட்டிய டாப்பர்கள் மட்டுமே பொருத்தம் என்பது என் தெளிவான கருத்து. மொன்டானாவின் போஸ்மன் வட்டாரத்தில் இயங்கும் கோ ஃபாஸ்ட் கேம்பர்ஸ் தயாரிப்பது அந்த வகை. எஃகுக் குழாய்ச் சட்டத்தில் இலேசான பலகைகளைப் பொருத்தி, உள்ளலங்காரம் எதுவும் இல்லாமல் தருகிறார்கள். ஓரிகன் மாநிலத்தின் சூப்பர் பசிஃபிக், கலிஃபோர்னியாவில் வளர்ந்த ஃபோர் வீல் கேம்பர்ஸ் நிறுவனத்தின் புராஜெக்ட் எம், தென்னாப்பிரிக்காவின் அலு-கேப் ஆகியவை இன்னும் உறுதியும் வசதியும் கூடியவை. அதற்கேற்ப எடையும் விலையும் கூடியவை. அவை மோசமானவை என்று நான் சொல்லவில்லை. இருவர் மட்டும் பயணம் செய்யும் வண்டிக்கோ, பேலோடு 1,600ஐத் தாண்டும் பெரிய வண்டிக்கோ அவை மிக நன்றாகப் பொருந்தும்.

பின்பக்க வில்பட்டைகளை வலுவாக மாற்றிவிட்டால் அதிக எடை ஏற்றலாமே என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. வில்லை மாற்றினால் வண்டியின் பின்பகுதி தொய்வது குறையும், அவ்வளவுதான். பிரேக், அச்சு, சக்கரத் தாங்கிகள், சட்டம் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. தயாரிப்பாளர் விதித்த வரம்பு அதனால் ஒரு பவுண்டு கூட உயராது.

படுக்கையைப் பொறுத்தவரை, மேல்தளம் இரண்டு பெரியவர்களுக்கே சரியாக இருக்கும். பிள்ளைகள் இருவரும் கீழே தொட்டியின் தரையில் படுக்க வேண்டும். டகோமாவில், சக்கரங்களுக்கு மேலே தொட்டிக்குள் புடைத்து நிற்கும் மேடுகளுக்கு இடையே அகலம் ஏறக்குறைய 41 அங்குலம், நீளம் ஐந்தடி. ஒன்பது வயதுப் பிள்ளை இன்னும் சில ஆண்டுகளில் அந்த ஐந்தடியைத் தாண்டிவிடும். பிள்ளைகள் வளர்ந்த பிறகு வண்டிக்கு அருகில் ஒரு சிறு கூடாரம் அடிப்பதாக இப்போதே திட்டமிட்டுக்கொண்டால், அதற்காக வண்டியையே மாற்ற வேண்டிய நெருக்கடி வராது.

கேள்வி: சில டாப்பர்களின் கூரை பின்பக்கம் மட்டும் சாய்வாக எழுகிறது, சிலவற்றில் கூரை முழுவதும் நேராக மேலே வருகிறது. எது நல்லது?
– வாசகி, டென்வர், கொலராடோ

பதில்: கோ ஃபாஸ்ட், சூப்பர் பசிஃபிக், அலு-கேப் ஆகியவற்றில் கூரை முன்பக்கம் கீலில் நின்று பின்பக்கம் மட்டும் உயரும். புராஜெக்ட் எம், கொலராடோவிலேயே தொடங்கிய டியூன் எம்1 போன்றவற்றில் கூரை தட்டையாகவே மேலேறும். நீங்கள் இரவில் ஏறிப் படுத்து, காலையில் இறங்கி வெளியிலேயே சமைத்துச் சாப்பிட்டுக் கிளம்புகிறவர் என்றால் சாய்வுக்கூரை போதும். ஒரே மூச்சில் திறந்துவிடலாம், மூடும்போது உள்ளே மடிக்க வேண்டிய துணியும் குறைவு. காற்றடிக்கும் சமவெளிகளில் வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்தினால், காற்று கூரையின் சரிவில் ஏறி வழுக்கிப் போய்விடும். துணி படபடக்காமல் தூங்கலாம்.

நேராக எழும் கூரையின் பெருமை, மழை நாளில்தான் தெரியும். இரண்டு நாள் விடாமல் மழை பெய்யும்போது, சாய்வுக்கூரையின் கீழ் நிமிர்ந்து நிற்க, தொட்டியின் பின்கதவான வால்கதவின் பக்கம் ஒரே ஒரு இடம்தான் இருக்கும். ஒருவர் உடை மாற்றினால் மற்றவர் படுக்கையில் ஏறிக்கொள்ள வேண்டும். தட்டையாக எழும் கூரையில் தொட்டியின் நீளம் முழுவதும் தலை இடிக்காமல் நடமாடலாம். டியூன் எம்1இன் பக்கச்சுவர்கள் தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளிப்புறமாக விரிந்திருப்பதால் குறுக்குவாட்டில் படுக்கவும் இடம் கிடைக்கிறது. ஆனால் நான்கு பக்கமும் துணிச்சுவர் உயரமாக நிற்பதால் பக்கக் காற்றுக்கு அது அதிகம் ஈடு கொடுக்க வேண்டியிருக்கும்.

கூரையைத் தூக்கும் வாயு உருளைகளைப் பற்றி ஒரு சொல். கடுங்குளிரில் அவற்றுக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் குறைந்துவிடுவதால், கோடையில் விரலால் தள்ளினால் எழுந்த கூரை டிசம்பரில் தோளைக் கொடுத்தால்தான் எழும். கூரைமேல் பனி கிடந்தால் அதைத் துடைத்துவிட்டே திறக்க வேண்டும். கூரைமேல் சைக்கிளோ படகோ வைக்கும் எண்ணம் இருந்தால், ஓடும்போது எவ்வளவு தாங்கும், நிற்கும்போது எவ்வளவு தாங்கும், எவ்வளவு எடையோடு கூரை திறக்கும் என்ற மூன்று எண்களையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். விற்பனையாளர்கள் பெரும்பாலும் நடுவில் உள்ளதை மட்டுமே சொல்வார்கள். மூன்றில் அதுதான் மிகப் பெரிய எண்.

கேள்வி: பொருத்திய பிறகு வண்டி எங்கள் வீட்டுக் கார்ஷெட்டில் நுழையுமா?
– வாசகர், டல்லாஸ், டெக்ஸஸ்

பதில்: வழக்கமான வீட்டுக் கார்ஷெட் கதவின் உயரம் ஏழடி, அதாவது 84 அங்குலம். நடுத்தர டிரக்கில் கூரை மட்டத்தை ஒட்டி நிற்கும் இலேசான டாப்பர் பெரும்பாலும் நுழைந்துவிடும். ஆனால் பெரிய சக்கரம் போட்டவர்கள், வண்டியை உயர்த்தியவர்கள், மேலே சூரியத் தகடு பதித்தவர்கள் ஆகியோருக்கு இது உறுதியில்லை. கதவு முழுவதும் திறந்த நிலையில் அதன் கீழ் விளிம்பிலிருந்து தரை வரை அளந்து பார்த்துவிட்டே முன்பணம் கட்டுங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் யூட்டா மலைகளில் தங்க ஆசை. துணிச்சுவருக்குள் குளிர் தாங்குமா? சூடேற்றி எது வாங்கலாம்? காலையில் உள்ளே எல்லாம் நனைந்திருக்கும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, சால்ட் லேக் சிட்டி, யூட்டா

பதில்: நனைவது உண்மைதான். துணி தரமற்றது என்பதால் அப்படி ஆவதில்லை. இரண்டு பேர் இரவு முழுவதும் விடும் மூச்சில் உள்ள ஈரம், மிகக் குளிர்ந்த பரப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய் நீராகிறது. பாப்-அப் டாப்பரில் அந்தப் பரப்பு பெரும்பாலும் உலோகச் சட்டம். காலையில் துணியைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும். துணியும் கூரையும் சேரும் ஓரத்தில் ஓடும் உலோகப் பட்டையில் மட்டும் துளித்துளியாகக் கோத்து நின்று, கூரையைத் தட்டியவுடன் வரிசையாகத் தலையணையில் விழும். அதைவிடக் கவலை தருவது மெத்தைக்கு அடியில் தேங்கும் ஈரம். உடலிலிருந்து வரும் ஈரம் மெத்தையைக் கடந்து கீழ்ப்பலகையில் பட்டுக் குளிர்வதால் அங்கே நீர் கோக்கிறது. ஒரு வாரப் பயணத்தில் மெத்தையைத் தூக்கிப் பார்க்காமல் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே காற்றோடும் வலைவிரிப்பு ஒன்றைப் போடுவதும், எவ்வளவு குளிரானாலும் எதிரெதிரே இரண்டு ஜன்னல்களை விரற்கடை அளவு திறந்து வைப்பதும் இதற்கு வழி. ஜன்னலை முழுவதும் மூடிக்கொண்டு தூங்குகிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

துணிச்சுவருக்கு உள்பக்கம் மாட்டும் வெப்பக்காப்பு உறையைச் சில நிறுவனங்கள் தனியாக விற்கின்றன. உங்களைப் போலக் குளிர்காலத்தில் போகிறவர்கள் அதைக் கட்டாயம் வாங்க வேண்டும். உலோகப் பட்டையின் மீதும் அது படிந்து மூடும்படி தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

சூடேற்றி குறித்து நான் மிகக் கண்டிப்பாகவே எழுத விரும்புகிறேன். கடைகளில் எளிதாகக் கிடைக்கும், கையில் தூக்கிச் செல்லும் புரோப்பேன் சூடேற்றிகள் அறைக்குள் உள்ள காற்றையே எரித்து, எரிந்த வாயுவை அறைக்குள்ளேயே விடுகின்றன. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு முதல் ஆபத்து. தூக்கத்தில் வந்தால் எழுந்திருக்கவே வாய்ப்பில்லை. கடல்மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேல் போனால் இவற்றில் சில, காற்றில் ஆக்சிஜன் குறைந்ததாக உணர்ந்து தாமாகவே அணைந்துவிடும். நீங்கள் போக நினைக்கும் மலைகள் பலவும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. மேலும், ஒரு பவுண்டு புரோப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 பவுண்டு நீராவி உண்டாகிறது. ஈரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட பிறகு முக்கால் லிட்டர் தண்ணீரை நாமே உள்ளே கொண்டுவருவதில் பொருளில்லை.

வெளிக்காற்றை இழுத்து எரித்து, புகையையும் வெளியிலேயே விட்டு, சூடான காற்றை மட்டும் உள்ளே தரும் டீசல் அல்லது புரோப்பேன் சூடேற்றிதான் சரியானது. டீசல் வகையில் உயரத்துக்கேற்ப எரிபொருள் அளவைக் குறைத்துக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மலைமேல் கரி படிந்து நின்றுவிடும். எதை வாங்கினாலும், படுக்கையின் பக்கத்தில், தலைமாட்டு உயரத்தில், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கேள்வி: பிள்ளைகள் களைத்துப்போனால், நாங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அவர்கள் பின்னால் படுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஆஸ்டின், டெக்ஸஸ்

பதில்: கூடாது. அங்கே இருக்கைப்பட்டை கிடையாது, மோதலைத் தாங்கும் கட்டமைப்பு கிடையாது, வண்டியின் புகை உள்ளே இழுக்கப்படும் வாய்ப்பும் உண்டு. களைத்த பிள்ளைகளுக்காக வண்டியை நிறுத்தி ஓய்வெடுங்கள்.

கேள்வி: யெல்லோஸ்டோன், கிளேசியர் தேசியப் பூங்காக்களுக்குப் போகத்தான் இதை வாங்கவே நினைத்தோம். கரடி உள்ள இடங்களில் துணிக்கூரைக்கு அனுமதி இல்லை என்று நண்பர் சொல்கிறார். வீட்டில் செய்வது போலச் சாம்பார், ரசம் சமைத்துச் சாப்பிடவும் ஆசை.
– வாசகி, சியாட்டில், வாஷிங்டன்

பதில்: உங்கள் நண்பர் சொல்வது எல்லா இடங்களுக்கும் பொருந்தாது, ஆனால் சில இடங்களுக்கு முழுவதும் பொருந்தும். யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கெட்டிச்சுவர் கொண்ட வண்டிகளுக்கு மட்டுமே இடம் தருகிறார்கள். அது கிரிஸ்லி கரடிகள் நடமாடும் பகுதி. கிளேசியரின் மெனி கிளேசியர் முகாமிலும் கரடி நடமாட்டம் கூடும்போது இதே கட்டுப்பாட்டைக் கொண்டுவருவதுண்டு. பாப்-அப் டாப்பரின் மேற்பகுதி துணி என்பதால், இந்த விதியின் கண்ணில் அது கூடாரம்தான். அதே பூங்காக்களின் மற்ற முகாம்கள் பலவற்றில் கூடாரத்துக்கும் இடம் உண்டு. எனவே டாப்பரை முடிவு செய்வதற்கு முன், நீங்கள் போக விரும்பும் முகாம்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றிலும் துணிச்சுவருக்கு அனுமதி உண்டா என்று தேசியப் பூங்காச் சேவையின் இணையப் பக்கத்தில் பாருங்கள். உங்கள் மனம் ஃபிஷிங் பிரிட்ஜிலேயே நிற்கிறது என்றால், சுவர் முழுவதும் கெட்டியாக இருந்தும் மேற்பாதி கீழிறங்கி அடங்கும் அலாஸ்கன் கேம்பர் என்ற பழைய வகை ஒன்று உண்டு. அதைச் சுமக்கப் பேலோடு அதிகமுள்ள டிரக் வேண்டும். டாப்பரோடு அதை ஒப்பிட முடியாது.

சமையலைப் பற்றிக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் டாப்பரின் அமைப்பைத் தேர்ந்தெடுப்பதில் நம் சமையலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. துணிச்சுவருக்குள் தாளிக்கவே கூடாது. எண்ணெய்த் துளியும் பெருங்காய மணமும் துணியில் ஏறினால் எளிதில் போகாது, கரடிக்கும் அது அழைப்பு. பக்கச்சுவர்கள் மேல்நோக்கித் திறக்கும் டாப்பரை வாங்கினால், திறந்த பக்கக் கதவே மழைக்கும் வெயிலுக்கும் கூரையாக நிற்கும். அதன் கீழே, தொட்டிக்கு வெளியில், மடக்கு மேசை போட்டு நின்றபடி சமைக்கலாம். பின்பக்கம் மட்டுமே திறக்கும் டாப்பரில் ஒவ்வொரு கரண்டிக்கும் தொட்டிக்குள் தவழ்ந்து போக வேண்டியிருக்கும்.

பிரஷர் குக்கரைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். 8,000 அடி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் குழையாமல் நிற்கும். அடுப்பும் புரோப்பேனில் எரிவதாக இருக்கட்டும். பியூட்டேன் புட்டியைப் பக்கவாட்டில் செருகும் சிறிய அடுப்பு நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. உறைநிலைக்கு அருகில் பியூட்டேன் சரியாக வாயுவாக மாறாது, அதனால் மலையில் அதிகாலைக் காப்பிக்கு அடுப்பே பற்றாது.

உணவை எங்கே வைப்பது என்பதில் பூங்காவுக்குப் பூங்கா விதி மாறும். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் இரவில் காருக்குள் கூட உணவு இருக்கக் கூடாது. முகாமில் உள்ள இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். டாப்பருக்குள் குளிர்பதனப் பெட்டியைத் திருகாணியால் நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் அங்கே திண்டாட வேண்டியிருக்கும். கழற்றித் தூக்கக்கூடிய பெட்டியாக, பட்டையால் கட்டி வையுங்கள்.

கேள்வி: யூட்டாவின் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் உள்ள வைட் ரிம் மண்பாதையில் போக விரும்புகிறேன். டாப்பர் போட்டாலும் உள்ளே செம்மண் தூசி நிரம்பிவிடும் என்று கேள்விப்பட்டேன்.
– வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: நிரம்பும். அதற்கு டாப்பரைக் குறை சொல்வது சரியல்ல. டிரக்கின் தொட்டியும் வால்கதவும் மணலையும் சரளையையும் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டவை. காற்றுப்புகாமல் அடைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்டவை அல்ல. வால்கதவை மூடிவிட்டு, பகலில் தொட்டிக்குள் அமர்ந்து கீழ் மூலைகளைப் பாருங்கள். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரியும். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து போவதால், சக்கரம் கிளப்பிய தூசி அந்த இடுக்குகளின் வழியே உள்ளே உறிஞ்சப்படுகிறது.

வால்கதவின் சுற்றிலும் ஒட்டும் ரப்பர்ப் பட்டையை வாங்கி ஒட்டுவது முதல் வேலை. மூலைகளில் தனியாகச் சிறு துண்டுகளை வெட்டி வைத்து அடைக்க வேண்டும். தொட்டியின் முன்சுவரில் உள்ள வடிகால் துளைகள், கம்பி செல்லும் துளைகள் ஆகியவற்றையும் அடையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் தூசி வரத்தான் செய்யும். டாப்பரின் முன்பக்கத்திலோ கூரையிலோ, எதிர்க்காற்றை உள்ளே வாங்கும் சிறு திறப்பு இருந்தால், ஓடும்போது உள்ளே அழுத்தம் சற்றுக் கூடி, இடுக்குகளின் வழியே காற்று வெளியே போகும். தூசி உள்ளே வராது. அப்படிப்பட்ட திறப்பு உள்ள டாப்பருக்கு, உங்கள் பயணத்தைக் கருதி, நான் முன்னுரிமை தருவேன்.

கரடுமுரடான பாதையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டகோமாவின் தொட்டி உலோகத்தால் ஆனதல்ல, நாரிழை கலந்த நெகிழி. வண்டி ஒரு பக்கம் மேடேறி மறுபக்கம் பள்ளத்தில் இறங்கும்போது தொட்டியின் பின்னோரங்கள் உள்ளும் வெளியுமாக அசையும். அந்த அசைவு டாப்பரின் பிடிப்புகளைத் தளர்த்தும், காலப்போக்கில் மூலைகளில் விரிசல் விழும். பின்மூலைகளில் பொருத்தும் உலோக வலுவூட்டிகளுக்கு அதிகம் செலவாகாது. டாப்பரோடு சேர்த்தே அதையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆண்டில் ஐந்தாறு இரவுதான் வெளியே தங்குவோம். இதற்காகப் பத்தாயிரம் டாலர் செலவழிப்பது சரியா?
– வாசகி, ராலே, வட கரோலினா

பதில்: என் பார்வையில் வேண்டாம். பாப்-அப் டாப்பர்கள் சுமார் 8,000 டாலரில் தொடங்கி, வசதிகளைச் சேர்க்கச் சேர்க்க அதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகின்றன. சாதாரணக் கண்ணாடியிழை டாப்பர் இதில் ஒரு பகுதி விலைக்குக் கிடைக்கும். அதற்குள் ஒரு நல்ல மெத்தையைப் போட்டால் இருவர் மழையில் நனையாமல் தூங்கலாம். நின்று உடை மாற்ற முடியாது, அது ஒன்றுதான் குறை. அந்த டாப்பர் ஆண்டு முழுவதும் மளிகைக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் பயன்படும். மாதத்துக்கு ஒரு வாரக்கடைசியாவது வெளியே போகும் பழக்கம் வந்த பிறகு இதைப் பற்றி மறுபடி யோசியுங்கள். அதற்கு முன் உங்கள் பக்கத்தில் வாடகைக்குக் கிடைத்தால் ஒரு முறை எடுத்து, மழை வரும் வாரத்தில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: 2015ஆம் ஆண்டு டகோமாவில் இருந்து கழற்றிய டாப்பர் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. என்னிடம் இருப்பது 2024 டகோமா. பொருந்துமா? பழையதை வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், சாக்ரமென்டோ, கலிஃபோர்னியா

பதில்: இவை வண்டிக்கு வண்டி அளவெடுத்துச் செய்யப்படுபவை. தொட்டியின் நீளம் ஒன்றாக இருந்தாலும் விளிம்பின் அகலம், ஓட்டுநர் அறையின் உயரம், பின்கண்ணாடியின் சாய்வு எல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். 2024இல் டகோமா முற்றிலும் புதிய வடிவில் வந்திருப்பதால், பழைய டாப்பரின் தொடர் எண்ணைத் தயாரிப்பாளருக்கு எழுதி, அவர் எழுத்தில் பொருந்தும் என்று சொன்னாலொழிய பணம் கொடுக்க வேண்டாம்.

பொருந்துகிற ஒன்று கிடைத்தால், கூரையைத் திறந்து துணியின் மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். ஈரத்தோடு மூடி வைத்திருந்தால் அங்கே கரும்புள்ளிகள் தெரியும். ஜன்னல் வலைகளின் ஜிப்பை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரைக் கூரைமேல் ஊற்றச் சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்து பாருங்கள். விற்பவர் அதற்குத் தயங்கினால் அந்தப் பேரத்தை விட்டுவிடலாம். துணி, வாயு உருளை, ரப்பர்ப் பட்டை ஆகிய மூன்றும் தேயும் பொருள்கள். அவை இன்னும் விற்பனையில் கிடைக்கின்றனவா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு நிறுவனம் மூடப்பட்டிருந்தால் துணியை மாற்ற வழியிருக்காது.

கேள்வி: ஆர்டர் கொடுத்துவிட்டோம், அடுத்த மாதம் பொருத்தப் போகிறோம். அன்றைக்கு என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, பாய்சி, ஐடஹோ

பதில்: தொட்டியின் மேல் சுருட்டித் திறக்கும் மூடியோ, விளிம்பைத் தாண்டி மடங்கும் நெகிழி உறையோ இருந்தால் போவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். டாப்பர் விளிம்பின் மேலேயே நேராக அமர வேண்டும். பெரும்பாலான டாப்பர்கள் துளை போடாமல், உள்பக்கமிருந்து கவ்விகளால் இறுக்கப்படுகின்றன. இறுக்கும்போது அருகில் நின்று எத்தனை கவ்விகள், எந்த அளவு இறுக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் முதல் சில நூறு மைல் ஓடியபின் ரப்பர் அமுங்கி அவை தளரும், அவற்றை நீங்களே மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். வண்டியின் மேற்புறத்தில் உள்ள மூன்றாவது பிரேக் விளக்கை டாப்பர் மறைத்துவிடும் என்பதால், டாப்பரில் உள்ள விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து, பிரேக்கை மிதித்துப் பாருங்கள். கூரையை நீங்களே தனியாக, யாருடைய உதவியும் இல்லாமல், ஒரு முறை திறந்து மூடிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். துணி உள்ளே ஒழுங்காக மடியாமல் சட்டத்தில் சிக்கினால் முதல் வாரத்திலேயே கிழியும்.

திரும்பும் வழியில், நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் (CAT) நிறுவனத்தின் எடைமேடையில் வண்டியை ஏற்றுங்கள். சுமார் 15 டாலர் ஆகும். முன்சக்கரங்கள் ஒரு தட்டிலும் பின்சக்கரங்கள் அடுத்த தட்டிலும் நிற்கும்படி நிறுத்தினால் இரண்டு அச்சின் எடையும் தனித்தனியாக அச்சிட்டு வரும். கதவோரத்தில் பேலோடு ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைச் சான்று ஸ்டிக்கரில் ஒவ்வொரு அச்சும் தாங்கும் எடை போட்டிருக்கும். குறிப்பாகப் பின்னச்சை அதோடு ஒப்பிடுங்கள். முதல் நீண்ட பயணத்துக்குச் சாமான்கள் எல்லாம் ஏற்றி, குடும்பத்தோடு உட்கார்ந்த பிறகு இன்னொரு முறை எடை போடுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றைக்கே எழுதி, டாப்பரின் விலைச்சீட்டை இணைத்து, அதைக் கூடுதல் உபகரணமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சாதாரணக் காப்பீட்டில், வண்டி வாங்கிய பிறகு பொருத்திய பொருள்களுக்கு மிகக் குறைந்த தொகையே கிடைக்கும். பலவற்றில் அதுவும் கிடையாது.